கறுப்பும் தங்கமும்

ராத்திரி தூக்கம் வராமல் பழைய ஃபார்முலா ஒன் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தேன். வழக்கம்போல லோட்டஸ் 72 என்ற பந்தயக் காரில் போய் நின்றாயிற்று.

மற்ற கார்களெல்லாம் மூக்கில் ரேடியேட்டரோடு (எஞ்சினைக் குளிரவைக்கும் பாகம்) சுருட்டு மாதிரி இருந்த காலம். 1970-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனும் வடிவமைப்பாளர் மாரிஸ் பிலிப்பும் அந்த ரேடியேட்டரை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் வைத்தார்கள். மூக்கு ஆப்பு மாதிரி கூர்மையாகிவிட்டது. முன் பிரேக்கைக்கூடச் சக்கரத்திலிருந்து எடுத்து காரின் உடம்புக்குள் கொண்டுபோனார்கள்.

முதலில் செம சொதப்பல். பிரேக் போட்டால் மூக்கு அமுங்கக்கூடாது என்று செய்த சஸ்பென்ஷன் ஏற்பாட்டில், கார் என்ன செய்கிறது என்றே ஓட்டுபவருக்குப் பிடிபடவில்லை. அதை மாற்றினார்கள். அப்புறம் லோட்டஸ் ஓட்டுநர் யோகன் ரிண்ட் தொடர்ந்து நான்கு பந்தயங்களை அள்ளினார். செப்டம்பரில் இத்தாலியின் மொன்சா பந்தயத் தடத்தில், பயிற்சியின்போது அதே காரில் உயிரும் போயிற்று. சீசன் முடியும்வரை அவருடைய புள்ளிகளை யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்தபின் உலக சாம்பியனானவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

1972-இல் இதே காரில் எமர்சன் பிட்டிபால்டி, 25 வயதில் சாம்பியன். 1975 வரை ஓடிய இந்தக் கார் மொத்தம் 20 கிராண்ட் பிரி பந்தயங்களை வென்றது. ஆறு சீசன்! இப்போது ஒரு வருஷக் கார் மறுவருஷம் காட்சிப்பொருள்.

அந்தக் காரின் கறுப்பு, தங்க நிறம் சிகரெட் விளம்பரம்தான், தெரியும். இருந்தாலும் இதைவிட அழகான பந்தயக் காரை நான் பார்த்ததில்லை.