மூன்று அங்குலத்துக்கு மூன்று சனிக்கிழமைகள்

வண்டியின் பாடியை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட் கிட்டுடன் வந்த கையேட்டில் ஒரே நாள் வேலை என்று போட்டிருந்தது. முதல் சனிக்கிழமை இருட்டும்போது நான் கழற்றியிருந்தது இரண்டே போல்ட்.

வண்டி 1993 டொயோட்டா பிக்கப். நான்கு சக்கர இயக்கம், 2.4 லிட்டர் எஞ்சின், கையால் மாற்றும் கியர். அதற்கு 33 அங்குல டயர் போட ஆசை; அது பாடியில் உரசாமல் இருக்க வண்டியை உயர்த்த வேண்டும். முன்பக்கம் டார்ஷன் பார் சஸ்பென்ஷன் (முறுக்குக் கம்பியே ஸ்பிரிங்காக இருப்பது) என்பதால் அதை முறையாக உயர்த்த, சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியலையே கீழிறக்க வேண்டும்; செலவு வண்டியின் விலையைத் தொட்டது. பாடி லிஃப்ட் எளிது. கேபினும் பின்தொட்டியும் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் போல்ட்டில் நிற்கின்றன. பழைய போல்ட்டை எடுத்து, இடையில் மூன்று அங்குலக் கட்டையை வைத்து, நீளமான போல்ட்டால் முடுக்க வேண்டும். எஞ்சினும் அச்சும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து இம்மியும் உயராது. 31 டயரிலிருந்து 33க்கு மாறுவதால் அச்சு ஓர் அங்குலம் உயரும், அவ்வளவுதான். அது தெரிந்துதான் இறங்கினேன்.

துருவைத்தான் குறைத்து எடை போட்டுவிட்டேன். நான் இருப்பது மிச்சிகனில். டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்புதான். ஒரு வாரம் தினமும் துரு இளக்கும் எண்ணெய் அடித்தும், கேபினின் இடது பின் போல்ட் அசையவில்லை. நீளக் குழாயை மாட்டித் திருகியபோது சட்டென்று இளகியது. மகிழ்ந்துபோனேன். பார்த்தால், மேலே இருந்த நட்டும் கூடவே சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் இரண்டு ரப்பர் மெத்தைகளுக்கு நடுவே மின்ரம்பத்தை விட்டு அறுத்தேன். கருகிய ரப்பர் நாற்றம் இரண்டு நாள் சட்டையை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பெரியவர் துணைக்கு வந்தார், ஓய்வுபெற்ற வெல்டர். ஒரு பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தி மட்டும் விட்டு, மறுபக்கத்தை முழுதாகக் கழற்றி, ஜாக்கிக்கு மேல் தடித்த பலகை வைத்து மெல்ல ஏற்றினோம். கட்டையைக் கையால் உள்ளே வைக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஒரு விளக்குமாற்றுக் கட்டையைக் கொடுத்தார். ஜாக்கி நழுவினால் போவது விரல் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாடியை உயர்த்த அரை நாள்தான் ஆனது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஓடும் ஒவ்வொன்றையும் சரிசெய்யத்தான் நாள் பிடித்தது. எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் கம்பி வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. பெட்ரோல் நிரப்பும் குழாயின் கவ்வியை முன்பே தளர்த்த மறந்திருந்தேன். ரப்பர் கிழியும் நிலைக்கு வந்துவிட்டது, நீளமானது வாங்கினேன். ஸ்டியரிங் தண்டுக்கு நீட்டுத் துண்டு கிட்டிலேயே இருந்தது. ரேடியேட்டர் பாடியோடு மேலே போக, ஃபேன் எஞ்சினோடு கீழேயே நின்றது. எஞ்சினைக் கிளப்பும் முன் ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்ததால் பிழைத்தோம்: இறக்கைகள், ரேடியேட்டரோடு உயர்ந்துவிட்ட ஃபேன் கூண்டின் கீழ் விளிம்பில் டக் டக் என்று தட்டின. ரேடியேட்டரைக் கீழிறக்கக் கொடுத்திருந்த பட்டையின் துளை அரை விரல் தள்ளி இருந்தது, புதிதாகத் துளைத்தோம்.

கியர்தான் கடைசி வேடிக்கை. தரை மூன்று அங்குலம் உயர்ந்ததில் தடி குட்டையாகிவிட்டது. இரண்டாவது கியருக்கு இழுத்தால் துவாரத்தின் விளிம்பில் இடித்துப் பாதியில் நின்றது. பெரியவர் தடியை வெட்டி, நீட்டி, பற்றவைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். சாம்பார் சாதத்தை மட்டும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நூறு மைல் ஓட்டிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கினேன். ஒன்று மட்டும் அரைச் சுற்று ஏறியது. முன் பம்பர் சேஸிஸில் இருப்பதால் இன்னும் பழைய உயரத்திலேயே தொங்குகிறது. கிரில்லுக்குக் கீழே பொக்கை வாய்போல் ஓர் இடைவெளி. அதற்கான பட்டை வரவேண்டும்.