டிரைவருக்குப் பின்னால் ஓர் இருக்கை

இங்கிலாந்தின் டார்பியில் மேட்லாக் ரயில் ஏறினால் முதல் நிறுத்தமே டஃபீல்ட். அங்கே மெயின் லைனை ஒட்டியே எக்கிள்ஸ்போர்ன் பள்ளத்தாக்கு ரயில்வேயின் பிளாட்பாரம். இங்கிருந்து விர்க்ஸ்வொர்த் வரை சுமார் 14 கிலோமீட்டர். 1867இல் போட்ட பாதை இது. பயணிகள் வண்டி 1947இல் நின்றுபோனது. சுண்ணாம்புக்கல் சரக்கு 1989 வரை போய்க்கொண்டிருந்தது. பிறகு சும்மா கிடந்த தண்டவாளத்தைத் தன்னார்வலர்கள் பகுதி பகுதியாக மீட்டு, 2011இல் டஃபீல்ட் வரை வண்டி விட்டார்கள்.

இப்படிப்பட்ட பாதைகளுக்குக் கூட்டம் வருவது பெரும்பாலும் நீராவி இன்ஜினுக்காக. நான் போனது ஐரிஸைப் பார்க்க.

1956இல் டார்பி பட்டறையில் செய்த ஒற்றைப் பெட்டி டீசல் ரயில்கார் அது. இரு முனையிலும் டிரைவர் அறை, தரைக்கு அடியில் 150 குதிரைத்திறன் இன்ஜின் இரண்டு, எடை குறைவதற்காக அலுமினியக் கலவையில் உடல். பக்கிங்ஹாம் கிளைப் பாதையில் செலவைக் குறைக்க அதைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் 1960களில் அங்கே பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். வண்டிக்கு மட்டும் வேறு வேலை கிடைத்தது: ரயில்வே ஆராய்ச்சிப் பிரிவு அதை எடுத்து, பாதையோரம் ரேடியோ சிக்னல் எப்படிக் கிடைக்கிறது என்று அளக்கும் சோதனை வண்டியாக மாற்றிக்கொண்டது. அந்த வேலை மட்டும் வராமல் இருந்திருந்தால், கூடப் பிறந்த வண்டிகளோடு ஐரிஸும் அந்தக் காலத்திலேயே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

டிரைவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. நடுவில் வெறும் கண்ணாடிதான். தண்டவாளம் முழுக்கக் கண்முன் விரிகிறது. இன்ஜின் இழுக்கும் ரயிலில் பயணிக்கு இது கிடைக்கவே கிடைக்காது. கார்டு இரண்டு முறை பஸ்ஸரை அடித்தார். டிரைவர் முதல் கியரைப் போட்டு த்ராட்டிலைத் திறந்ததும் தரை அதிர்ந்தது. வேகம் ஏறியதும் த்ராட்டிலை முழுக்க மூடி, கியர் லீவரை நகர்த்தி, ஒரு கணம் பொறுத்து மறுபடி திறந்தார். அந்த ஒரு கணத்தில் உறுமல் அடங்கி வண்டி தானாக உருள்கிறது. அவசரப்பட்டு முன்பே திறந்துவிட்டால் அடி கியர்பாக்ஸுக்குத்தான். புது கியர்பாக்ஸ் செய்து தர இன்று ஆளில்லை என்பதால் அந்தப் பொறுமை எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது. இந்தப் பாதையில் உச்ச வேகமே மணிக்கு 25 மைல். நாலாவது கியருக்கு வேலையே இல்லை.

விர்க்ஸ்வொர்த் யார்டில், கைகளில் கிரீஸோடு நின்ற தன்னார்வலர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்தக் காலத்து ரயில்கார்களின் இன்ஜினும் கியரும் அன்றைய பஸ்களில் இருந்தவற்றுக்கு நெருங்கிய சொந்தம். அதனால் பழைய பஸ் பராமரிப்பவர்களின் அனுபவமும் இவர்களுக்குக் கைகொடுக்கிறது. அவர் அதிகம் கவலைப்பட்டது இன்ஜினைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. ஜன்னல் ரப்பர் இறுகி வெடித்தால் மழைநீர் சுவருக்குள் இறங்கும். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அரிப்பு ஆரம்பித்துவிடும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே.

இதற்காகவே பழைய வண்டிகளை ஓட்டக் கூடாது, கூரைக்கடியில் நிறுத்திவைக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. கூரை அவசியம், மறுக்கவில்லை. ஆனால் ஓடாத டீசல் வண்டியில் சீல்கள் காய்ந்துபோகும், பிரேக் இறுகிவிடும். அதைவிட, அந்த கியர் மாற்றும் கையின் பழக்கம் அடுத்த ஆளுக்குப் போய்ச் சேராது. அளவாக ஓட்டித்தான் காப்பாற்ற முடியும் என்பது என் கட்சி.

போகிறவர்களுக்கு ஒன்று: எந்த நாளில் எந்த வண்டி ஓடும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது டிரைவர் மறுமுனைக்கு நடந்துபோவார். அவரோடு நீங்களும் எழுந்து போனால் அந்தப் பக்கத்து முன்வரிசை கிடைக்கும்.