இன்சுலின் அளவை மாற்றும் உரிமை யாருக்கு?

என் அம்மாவின் நீரிழிவைப் பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒரு சிறு குழு கவனித்து வருகிறது. இரண்டு மருத்துவர்கள், ஒரு பராமரிப்புத் தாதி, சந்திப்புகளையும் பரிசோதனைகளையும் ஒழுங்குபடுத்தும் ஓர் ஒருங்கிணைப்பாளர் என நால்வர் அதில் இருக்கின்றனர். அதற்கு முன்பு அம்மா ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மருத்துவரைப் பார்த்துவந்தார். இரண்டு காலங்களையும் கூடவே இருந்து பார்த்தவள் என்ற முறையில், இந்த ஏற்பாட்டில் எது பலன் தருகிறது, எது பெயரளவில் நின்றுவிடுகிறது என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இரண்டாம் வகை நீரிழிவில் சர்க்கரை மெல்லத்தான் ஏறும். ஏறிய சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் கெடுப்பதும் மெல்லத்தான். வலி இல்லாததால் நோயாளி அவசரப்படுவதில்லை. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 8.6 விழுக்காடு என்று முடிவு வந்திருக்கும். நோயாளி, “தீபாவளி சமயம் டாக்டர், இனிமேல் குறைச்சிக்கிறேன்” என்பார். மருத்துவருக்கோ பத்து நிமிடத்துக்குள் ரத்த அழுத்தம், கொழுப்பு, மூட்டு வலி, மருந்துச் சீட்டு அனைத்தையும் முடித்தாக வேண்டும். “சரி, அடுத்த முறை பார்ப்போம்” என்று சந்திப்பு முடிந்துவிடும். அந்த அடுத்த முறை மூன்று நான்கு மாதங்கள் கழித்து வரும். அப்போது அறையில் வேறொரு மருத்துவர் இருந்தால், அவருக்கு இந்த முடிவு புதிது என்பதால், அவரும் ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்ப்போம் என்றே எண்ணுவார். இப்படித்தான் யாருடைய அலட்சியமும் இல்லாமலேயே ஒருவருடைய சர்க்கரை இரண்டு மூன்று ஆண்டுகள் உயர்ந்தே கிடக்கிறது. பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, எச்பிஏ1சி ஒரு விழுக்காட்டுப் புள்ளி குறையும்போது கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 37 விழுக்காடு குறைகின்றன. தள்ளிப்போட்ட அந்த ஆண்டுகளின் விலை அவ்வளவு பெரியது.

இந்தத் தாமதத்தை எது குறைக்கும் என்பதற்கு 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஒரு பகுப்பாய்வு தெளிவான விடை தந்தது. 66 ஆய்வுகளை ஒன்றாக வைத்து, மருத்துவருக்கு நினைவூட்டல் அனுப்புவது, நோயாளிக்குப் பாடம் நடத்துவது, பதிவேடு வைப்பது எனப் பலவகை முயற்சிகளை அது ஒப்பிட்டது. பராமரிப்புக் குழுவை மாற்றியமைத்ததும், நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க ஒருவரை நியமித்ததுமே எச்பிஏ1சி-ஐ அதிகமாகக் குறைத்திருந்தன. அதிலும், அப்படி நியமிக்கப்பட்ட தாதியோ மருந்தாளரோ மருத்துவரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் மருந்தின் அளவைத் தாமே மாற்ற முடிந்த இடங்களில் குறைவு இன்னும் கூடுதலாக, ஏறத்தாழ 0.8 விழுக்காட்டுப் புள்ளியாக இருந்தது. என் கருத்தில் மொத்த விஷயமும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது. அறிவுரை சொல்ல மட்டும் ஒரு தாதியை உட்காரவைத்தால் நோயாளி ஏறி இறங்க வேண்டிய அறை ஒன்று கூடுகிறதே தவிர, தாமதம் அப்படியே இருக்கும்.

சிங்கப்பூர்த் தமிழர்கள் இதைக் கூர்ந்து கவனிக்கக் காரணம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடையே அது 9.7 விழுக்காடு. புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு நீரிழிவே காரணம். அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் 2016 ஏப்ரலில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்த பிறகு சுவரொட்டிகளும் நடைப்பயிற்சி இயக்கங்களும் நிறைய வந்தன. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஏற்கெனவே நோய் வந்துவிட்ட என் அம்மாவுக்கு அவற்றைவிடப் பெரிதாக உதவியது, அவருடைய பெயரும் பழக்கமும் தெரிந்த ஒரு தாதி தொலைபேசியில் அழைத்ததுதான்.

அம்மாவுக்கு இரவு நேர இன்சுலின் தொடங்கியபோது மருத்துவர் ஒரு திட்டத்தை முன்கூட்டியே எழுதிவைத்தார். காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை மூன்று நாள் தொடர்ந்து லிட்டருக்கு 7 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் 2 யூனிட் கூட்ட வேண்டும். 4-க்குக் கீழ் இறங்கினால் குறைக்க வேண்டும். எவ்வளவு வரை கூட்டலாம் என்ற எல்லையும் அதில் இருந்தது. (இது அவருடைய வயதுக்கும் சிறுநீரக நிலைக்கும் பொருத்தி வகுத்தது, மற்றவர்கள் பின்பற்றுவதற்கு அன்று.) அந்த எல்லைக்குள் முடிவெடுக்கும் உரிமை தாதிக்கு இருந்தது. “அம்மா, இன்னிக்குக் காலையில எவ்வளவு காட்டுச்சு?” என்று அவர் அழைத்துக் கேட்பார், அம்மா புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், அன்றிரவே அளவு மாறும். முன்பானால் அதே மாற்றம் நடக்க ஒரு முழுச் சந்திப்புக்குக் காத்திருந்திருப்போம்.

அந்த உரையாடல்களில் மருத்துவர் அறையில் ஒருபோதும் வராத செய்திகள் வந்தன. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அம்மா விரதம் இருப்பார். சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த நாட்களில் ஊசியையே போடாமல் விட்டிருக்கிறார். தாதி இதைக் கண்டுபிடித்தது, ஞாயிறுதோறும் சர்க்கரை ஏறியிருப்பதைக் கவனித்ததால். ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று நான் அம்மாவிடம் கேட்டதற்கு, “டாக்டர் கேக்கல, நான் சொல்லல. மிஸ்ஸி கேட்டுச்சு, சொன்னேன்” என்றார். தாதியைத்தான் அவர் மிஸ்ஸி என்பார். மருத்துவருடன் பேசிவிட்டு, விரத நாட்களுக்கு ஊசியை நிறுத்தாமல் குறைந்த அளவில் போடுவதற்கு ஓர் ஏற்பாட்டைத் தாதி செய்து தந்தார். நோன்பு நோற்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடிய கிளிக்ளசைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களும், ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே தாதியையோ மருந்தாளரையோ பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு தொடங்கிய பிறகு கேட்பது தாமதம்.

இன்னொன்று: அம்மாவுக்கு ஊசி போடுவதும் சமைப்பதும் எங்கள் வீட்டு மியன்மார்ப் பணிப்பெண். அவரையும் அழைத்துவருமாறு தாதி கேட்டுக்கொண்டார். வந்த அன்று அம்மாவின் வயிற்றைத் தடவிப் பார்த்த தாதி, தொப்புளுக்கு வலப்புறம் தோலுக்கடியில் ஒரு தடிப்பு இருப்பதைக் கண்டார். வலிக்காத இடம் என்று அங்கேயே திரும்பத் திரும்ப ஊசி போட்டதால் கொழுப்பு திரண்டு, இன்சுலின் ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் அரைகுறையாகவும் உறிஞ்சப்பட்டிருக்கிறது. சர்க்கரை காரணமின்றி ஏறி இறங்கியதற்கு இதுதான் காரணம். இடத்தை மாற்றிப் போடச் சொன்ன கையோடு, புதிய இடத்தில் மருந்து முழுதாகச் சேரும் என்பதால் அளவையும் அவர் குறைத்தார். உடம்புக்கு நல்லது என்று காலையில் குடித்துவந்த அரிசிக் கஞ்சி சர்க்கரையை விரைவாக ஏற்றுகிறது என்பதும் அன்றுதான் பேச்சில் வந்தது. சோறு அளக்கும் கிண்ணம், எண்ணெய், தேநீரில் ஊற்றும் இனிப்புப் பால் எல்லாவற்றையும் அந்தப் பணிப்பெண்ணிடமே அவர் விளக்கினார். வீட்டில் கரண்டி பிடிப்பவர் யாரோ அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நோயாளிக்கு மட்டும் உணவு ஆலோசனை சொல்வது, நம் குடும்பங்களில் பெரும்பாலும் வீண்.

கால் பரிசோதனையிலும் இதே பாடம். ஆண்டுக்கொரு முறை மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உணர்ச்சி குறைந்தவர் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலுடன் நடந்தால், கொப்புளம் எழுந்ததே அவருக்குத் தெரியாது. தீமிதிக்கு வேண்டிக்கொண்டவர்களின் நிலை அதைவிடக் கவலைக்குரியது. நேர்த்திக்கடன் ஏதும் உண்டா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் பாதத்தைப் பார்க்கும்போதுதான் அந்தப் பரிசோதனைக்கு முழுப் பயன் கிடைக்கிறது.

பலதுறை மருந்தகங்களில் ஆள்பலம் உண்டு. ஒற்றை மருத்துவர் நடத்தும் வட்டாரத் தனியார் மருந்தகத்தில் இது எப்படி நடக்கும்? அதற்காக 2018 முதல் செயல்படும் அடிப்படைப் பராமரிப்புக் கட்டமைப்புகள் பல மருந்தகங்களை ஒன்றிணைத்து, தாதி ஆலோசகரையும் ஒருங்கிணைப்பாளரையும், விழித்திரைப் படம், கால் பரிசோதனை ஆகிய வசதிகளையும் பகிர்ந்துகொள்ள வழிசெய்கின்றன. 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்கிறோம். பதிந்தவர்களுக்காக அரசாங்கம் மருந்தகத்துக்கு ஆண்டுக் கட்டணமும் தருகிறது. இந்தக் கட்டணம் பலரும் கவனிக்காத ஒரு முக்கிய மாற்றம் என்று கருதுகிறேன். வருகைக்கு ஒரு கட்டணம் என்ற முறையில், தாதி தொலைபேசியில் செலவிடும் கால் மணி நேரத்துக்கு மருந்தகத்துக்கு ஒரு காசும் வராது. ஆயினும் பல மருந்தகங்கள் பகிர்ந்துகொள்ளும் தாதி குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வருகிறார் என்றால், இடைப்பட்ட நாட்களில் யார் முடிவெடுப்பது என்பதை ஒவ்வொரு மருந்தகமும் எழுத்தில் தெளிவாக்க வேண்டும். 2018 முதல் உயர்நிலைத் தாதியருக்கும் மருந்தாளர்களுக்கும் உரிய பயிற்சியளித்து, மருத்துவருடனான உடன்பாட்டின்கீழ் மருந்து எழுதும் உரிமை வழங்கப்படுகிறது; அவர்களைப் பெரிய நிலையங்களோடு நிறுத்திவிடாமல் வட்டார மருந்தகங்களுக்கும் அனுப்ப வேண்டும்.

வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், அடுத்த சந்திப்பில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். காலைச் சர்க்கரை தொடர்ந்து ஏறியிருந்தால் நான் யாரை அழைக்க வேண்டும்? அவர் மருந்தின் அளவை மாற்றலாமா, இல்லை மருத்துவரைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டுமா? சர்க்கரைப் புத்தகத்தையும், சமைப்பவரையும், ஊசி போடுபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விரதமோ நோன்போ காவடியோ வரவிருந்தால் அந்தத் தேதியையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.