எவர்சில்வர் டம்ளரில் படிந்த வெண்மை

2008ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிழக்கோரத்தில் உள்ள ஸ்போகேன் நகரில் நாங்கள் குடியிருந்தபோது, டிஷ்வாஷரிலிருந்து எடுக்கும் எவர்சில்வர் டம்ளர்களில் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெண்படலம் தெரியத் தொடங்கியது. இயந்திரம்தான் பழுதாகிவிட்டது என்று நினைத்து வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். வினிகர் ஊற்றி ஒருமுறை வெறுமனே ஓட்டியும் பார்த்தேன். டம்ளரை விரலால் தடவிப் பார்த்த என் மனைவி, இது ஊரில் உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் படிகிற அதே கறை என்றாள். அவள் சொன்னதே சரி. தண்ணீர் மாறவில்லை, அதிலிருந்த சுண்ணாம்பை அதுவரை பிடித்துவைத்திருந்த பொருள்தான் சோப்புத்தூள் டப்பாவிலிருந்து போயிருந்தது.

அந்தப் பொருள் பாஸ்பேட். நாம் உப்புத் தண்ணீர் என்றும் பாடப் புத்தகங்கள் கடின நீர் என்றும் சொல்லும் தண்ணீரில், துவரம்பருப்பை வேகவிடாமல் செய்வதும் சோப்பை நுரைக்கவிடாமல் செய்வதும் கால்சியமும் மெக்னீசியமும்தான். பாஸ்பேட் அவற்றைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைத்துக் கழிவுநீரோடு வெளியேற்றிவிடும்; கழன்ற அழுக்கு மீண்டும் பாத்திரத்தில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். டிஷ்வாஷர் தூளில் இந்தப் பாஸ்பேட்டின் வழியாக எடையளவில் 8.7 சதவீதம் வரை பாஸ்பரஸ் இருந்துவந்தது. 2008 ஜூலை முதல் ஸ்போகேன் மாவட்டத்தில் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் விதித்தது.

சட்டத்தின் காரணத்தில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஸ்போகேன் ஆற்றிலும் அதன் கீழ்ப்பகுதியில் அணை கட்டித் தேக்கிய நீரிலும் பாசி மண்டியது. அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்களுக்கு மூச்சுத் திணறியது. நன்னீரில் பாசியைப் பெருக்குவது பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் என்பதை, கனடாவின் ஒன்டாரியோவில் ஏரிகளை ஆராய்ந்த டேவிட் ஷிண்ட்லர் 1973இல் தொடங்கிய சோதனை கண்முன் காட்டியிருந்தது. ஓர் ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப்பசேலென்று ஆனதை வானிலிருந்து எடுத்த புகைப்படம் இன்றும் மாணவர்களுக்குக் காட்டப்படுகிறது.

ஆனால் பாஸ்பேட்டை நீக்கியதால், அது செய்துவந்த வேலை இல்லாமல் போய்விடவில்லை. வேறு யாரோ செய்யவேண்டியதாயிற்று. சிலர் பாத்திரங்களைக் கையால் நன்றாகக் கழுவிய பிறகே இயந்திரத்தில் அடுக்கினார்கள். சிலர் இரண்டு முறை ஓட்டினார்கள். ஆற்றுக்காகக் கொண்டுவந்த சட்டம் வீட்டுக்குள் தண்ணீரையும் மின்சாரத்தையும் கூடுதலாகச் செலவழிக்க வைத்தது. சுவரில் வண்ணம் அடிக்கும் முன் தேய்த்துக் கழுவ விற்கப்படும் டிரைசோடியம் பாஸ்பேட்டை வாங்கிவந்து, சோப்புத்தூளோடு ஒரு கரண்டி கலந்துகொண்டவர்களும் உண்டு. இவை எதுவும் வேண்டாம் என்றவர்களுக்கு, அரைமணி நேரத் தொலைவில், தடையில்லாத ஐடஹோ மாநிலம் இருந்தது. நானும் ஒரு சனிக்கிழமை எல்லை தாண்டி இரண்டு பெட்டி வாங்கிவந்தேன். ஆற்றில் போய்ச் சேரவேண்டிய பாஸ்பேட் அப்படியே சேர்ந்தது. கூடவே என் காரின் புகையும் சேர்ந்தது.

இந்தச் சங்கடம் புதிதல்ல என்பதைப் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1960களின் இறுதியில், அமெரிக்க–கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரி செத்துவிட்டது என்று பேசப்பட்டபோது, துணி துவைக்கும் தூளிலிருந்த பாஸ்பேட்தான் முதலில் குறிவைக்கப்பட்டது. அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட, சுருக்கமாக என்டிஏ எனப்படும் வேதிப்பொருளை, விலங்குச் சோதனைகளில் கருவுக்குக் கேடு விளைவிக்கலாம் என்ற ஐயம் எழுந்ததால், 1970 டிசம்பரில் நிறுவனங்கள் கைவிட நேர்ந்தது. அடுத்துச் சலவைச் சோடா மிகுந்த தூள்கள் வந்தன. அவற்றில் சில, குழந்தை எடுத்து வாயில் போட்டால் தொண்டையை அரித்துவிடும் அளவுக்குக் காரம் மிகுந்தவை. மேலும், தீப்பற்றாதிருக்கப் பக்குவப்படுத்திய குழந்தைகளின் இரவு உடைகளைச் சோடாத்தூளில் துவைத்தால், கடின நீரின் சுண்ணாம்பு நூலில் படிந்து அந்தப் பாதுகாப்பும் குறைந்தது. கடைசியில் 1971 செப்டம்பரில், சர்ஜன் ஜெனரல் எனப்படும் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர் ஜெஸ்ஸி ஸ்டைன்ஃபெல்ட், இப்போதைக்குப் பாஸ்பேட் தூளையே பயன்படுத்துங்கள் என்று இல்லத்தரசிகளுக்கு அறிவுரை சொல்லவேண்டி வந்தது. சிறிது காலம் முன்புவரை அதே அரசாங்கத்தார் அதைக் கைவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால், அன்றைய வீடுகளில் எவ்வளவு குழம்பியிருப்பார்கள் என்று புரிகிறது.

அப்படியிருந்தும் அந்தத் தடைகள் வீண்போகவில்லை. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தியதும், 1972இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கழிவுநீர் நிலையங்களைச் சீரமைத்ததும் சேர்ந்து, 1980களில் ஈரி ஏரியைத் தேற்றின. ஆனால் பாசி திரும்பி வந்தது. 2014 ஆகஸ்டில், பாசியின் நஞ்சு கலந்ததால், ஒஹையோவின் டொலிடோ பகுதியில் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவோ காய்ச்சவோ கூடாது என்று எச்சரிக்கப்பட்டார்கள். இம்முறை பாஸ்பரஸ் முக்கியமாக வயல்களின் உரத்திலிருந்து, ஈரி ஏரியில் கலக்கும் மௌமீ ஆற்றின் வழியாக வந்தது. மண்ணரிப்பைத் தடுக்கவென்று பரப்பிய உழாமல் விதைக்கும் முறையில் உரம் மேல்மண்ணிலேயே தங்கிவிடுவதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். என் டம்ளரை எளிதில் கட்டுப்படுத்திய சட்டத்தால் அந்த வயல்களை அவ்வளவு எளிதாக நெருங்க முடியவில்லை என்பதில் எனக்கு இன்றும் சற்று மனத்தாங்கல் உண்டு.

டிஷ்வாஷர் தூளுக்கு இந்தத் தடை கடைசியில் வந்ததற்கும் காரணம் உண்டு. துணிக்குப் பாஸ்பேட்டின் இடத்தில் சியோலைட் என்ற தாதுத்தூளைச் சேர்க்கலாம்; அது நீரில் கரையாதது என்பதால் பாத்திரங்களில் மணல்போல் தங்கிவிடும். 2010 ஜூலையில் 16 மாநிலங்களில் தடை வந்தபோது, நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் ஒரே கலவைக்கு மாறின. ஐடஹோவுக்குப் போவதிலும் பயனில்லாமல் போயிற்று. முதலில் வந்தவை மோசம். பிறகு சிட்ரேட்டும் நொதிகளும் கலந்த தூள்கள் வந்தபோது நிலைமை தேறியது.

இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளில் டம்ளர்களைக் காப்பாற்றியது என் மனைவிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையை எடுத்துத் தேய்த்துக் கழுவுவாள். அதன் புளிப்பில் சுண்ணாம்பு கரைந்துவிடும். சிட்ரேட் கலந்த முதல் பெட்டியை வாங்கி அதன் பின்பக்கத்து எழுத்துகளை அவளுக்குப் படித்துக் காட்டியபோது, எலுமிச்சைப் புளிப்பைப் பெட்டியில் போட இவர்களுக்கு இவ்வளவு நாள் ஆயிற்றா என்று கேட்டாள்.