கடலில் போய் விழுந்த எல்லைக்கோடு

வரைபட எல்லைகளைச் சேமிக்கும் ஷேப்ஃபைலைத் திறந்தால் மொத்த எல்லையும் ஆப்பிரிக்கா பக்கம் கினி வளைகுடாவில் ஒரு புள்ளியாகக் கிடக்கிறது. உடனே கேள்வி: "வேறு நல்ல மென்பொருள் இருக்கா?"

மென்பொருள் மேல் தப்பில்லை. டிகிரியில் இருக்கும் எண்களை அது மீட்டர் என்று எடுத்துக்கொண்டது; அதனால்தான் எல்லை பூஜ்ய அட்சரேகை, பூஜ்ய தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் சுருங்கிவிட்டது.

ஷேப்ஃபைல் என்பது பல கோப்புகளின் தொகுப்பு. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றையும் அனுப்பிவிட்டு பிஆர்ஜே கோப்பை விட்டுவிடுவார்கள். எந்த ஆயத்தொலை முறை (சிஆர்எஸ், இடத்தை எண்களால் குறிக்கும் முறை) என்று சொல்வதே அதுதான்!

வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸில் லேயர் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி தெரிகிறதா? 'செட் லேயர் சிஆர்எஸ்' போய் இபிஎஸ்ஜி 4326 (டிகிரியில் குறிக்கும் ஆயத்தொலை முறையின் எண்) கொடுங்கள். ஜிபிஎஸ் தரவு பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

இது லேபிளை மட்டும்தான் மாற்றும். எண்களையே மீட்டருக்கு மாற்ற 'ரீபுரொஜெக்ட் லேயர்' வேண்டும். இரண்டையும் குழப்பினால் எல்லை இன்னும் தூரம் ஓடும்.

சும்மா பார்க்கத்தான் என்றால் கூகுள் எர்த் ப்ரோ போதும், கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பை அப்படியே திறக்கும். கோடு திருத்த, அட்டவணை இணைக்க, அச்சுக்கு அனுப்ப க்யூஜிஐஎஸ். களத்தில் போனில் புள்ளி எடுக்க க்யூஃபீல்டு. மூன்றுக்கும் காசு கிடையாது.

பரப்பளவு அளக்கிறவர்கள் மட்டும் கவனம். இணைய வரைபடங்களில் வரும் இபிஎஸ்ஜி 3857 முறையில் வைத்துத் தட்டையாகக் கணக்குப் போட்டால் 60 டிகிரி அட்சரேகையில் விடை ஏறக்குறைய 4 மடங்கு வரும். அந்த இடத்துக்கான யுடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலத்துக்கு மாற்றிவிட்டு அளங்கள்.

சேமிக்கும்போது ஷேப்ஃபைலுக்குப் பதில் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவம். ஷேப்ஃபைல் புலப்பெயரை (அட்டவணை நெடுவரிசையின் பெயரை) 10 எழுத்தோடு வெட்டிவிடும், தமிழ்ப் பெயர் என்றால் அதற்கும் முன்பே.