பழைய பஞ்சாங்கக்காரங்க

சிலுவையக் கடல்ல வீசி எடுக்குறத ஒரே மாசத்துல ரெண்டு தடவ பார்த்தவன் நான். 2016 ஜனவரி, கப்பல ரிப்பேருக்கு பெராமா யார்டுல ஏத்தி வெச்சிருந்தாங்க, கிரீஸ்ல பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்துல. வேலை பாதி, சும்மா காத்துக்கிட்டு உக்காந்திருந்தது பாதி. 6ஆம் தேதி, எங்க தூத்துக்குடில மூணு ராஜா திருநாள்னு சொல்லுவோமே அன்னிக்கு, பிரேயஸ்ல பெரிய கூட்டம், பேண்டு வாத்தியம், பிஷப்பு ரிப்பன் கட்டுன சிலுவைய தண்ணில வீசுறாரு, பசங்க அந்தக் குளிர்லயும் தொபுக்குனு குதிச்சு எடுத்துட்டு வர்றாங்க. யேசு யோர்தான்ல ஞானஸ்நானம் வாங்குன திருநாள் அவங்களுக்கு அது. பார்த்தேன், போட்டோ எடுத்தேன், வந்துட்டேன்.

19ஆம் தேதி மறுபடியும் அதே பிரேயஸ், அதே மாதிரி சிலுவை, வேற பிஷப்பு, வேற கூட்டம். ஆனா அதிகாரிங்க பந்தா இல்ல, கறுப்பு முக்காடு போட்ட பாட்டிமாருங்கதான் நிறைய. எனக்கு ஒண்ணும் புரியல. ஏஜெண்ட் வண்டி ஓட்டுற பெரியவர்தான் என்னைக் கூட்டிட்டுப் போனாரு, எழுபதத் தாண்டுனவர், சின்ன வயசுல கப்பல்ல போனவருங்கறதால அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே ரகம். அங்க ஒரு சாமியார் திருநீற்றுப்பச்சிலைக் கொத்த தண்ணில முக்கி வர்றவங்க நெத்தில தெளிச்சுக்கிட்டே இருந்தாரு, (ஆமா, நம்மூர்ல மாடில தொட்டில வெப்பாங்களே அதே வாசம், கிரீஸ்ல கோயில் காரியத்துக்கு அதுதான்). பெரியவர் அதுல ஒரு காம்பு கிள்ளி என் சட்டைப் பைல சொருகிட்டு, நாங்க பலேயோஇமெரொலொயீத்தெஸ் அப்படின்னாரு. பலேயோன்னா பழசு, மீதி காலண்டர். அதாவது பழைய பஞ்சாங்கம்! எனக்குச் சிரிப்பு தாங்கல, எங்க பாஷைல இது திட்டுற வார்த்தைன்னு சொன்னேன், இங்கயும் அப்படித்தான்னு அவரும் சிரிச்சாரு.

அன்னிக்கு ஆரம்பிச்சது, அப்புறம் கப்பல்ல ராத்திரி வாட்ச் முடிஞ்சா இதத்தான் தேடித் தேடிப் படிச்சேன்.

விஷயம் 13 நாள். பழைய ஜூலியன் காலண்டருக்கும் நாம இப்ப வெச்சிருக்கற காலண்டருக்கும் இருக்கற வித்தியாசம். கிரீஸ் அரசாங்கம் 1923ல மாறிடுச்சு, பிப்ரவரி 15க்கு அடுத்த நாள் மார்ச் 1. அங்க இருக்கற ஆர்த்தடாக்ஸ் கோயில் (போப்புக்குக் கீழ வராத கிழக்கத்திய சபை) மட்டும் பழையபடி போய்க்கிட்டிருந்தது, அடுத்த வருஷமே, 1924 மார்ச்ல, ஆர்ச்பிஷப் கிறிசோஸ்டமோஸ் பாபதோபுலோஸ் காலத்துல அதையும் மாத்திட்டாங்க, 10ஆம் தேதிய 23ஆம் தேதின்னு அறிவிச்சாச்சு. வேடிக்கை என்னன்னா ஈஸ்டர மட்டும் பழைய கணக்குலயே விட்டுட்டாங்க. அதனால ரெண்டு கட்சிக்கும் ஈஸ்டர் ஒரே நாள், கிறிஸ்மஸ் வேற வேற நாள். ஈஸ்டர் பிந்துற வருஷங்கள்ல ஜூன் மாசத்து அப்போஸ்தலர் நோன்பு (ஆரம்பம் ஈஸ்டர் கணக்குல, முடிவு புது காலண்டர் தேதில) சுருங்கிச் சுருங்கி ஒண்ணுமில்லாமயே போயிடும். சாமியார் புஸ்தகத்துல இருக்கற நோன்பு காலண்டர்ல இல்லன்னா கிராமத்து ஜனம் என்ன நினைக்கும்? போப்பு இருக்கற ரோமாபுரி பக்கம் சாய்றாங்கன்னு நினைச்சாங்க, மாட்டேன்னுட்டாங்க.

அந்த மாட்டேன் சொன்னவங்ககிட்ட ஒரு பிஷப்பு கூட கிடையாது 1935 வரைக்கும். பதினோரு வருஷம் சில சாமியாருங்க, துறவிங்க, ஜனங்க, அவ்வளவுதான். 1925 செப்டம்பர்ல ஏதென்ஸ் பக்கத்துல ஹிமெத்தோஸ் மலைல ஒரு சின்ன கோயில்ல ராத்திரி ஜெபத்துக்குக் கூடியிருக்காங்க, சாமியாரப் பிடிக்க போலீஸ் வந்து நிக்குது, அப்ப வானத்துல வெளிச்சமா சிலுவை தெரிஞ்சதுன்னும் வந்த போலீஸ்காரங்களே தொப்பியக் கழட்டிட்டாங்கன்னும் அவங்க சொல்லுவாங்க. நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம், எனக்கு சிலுவைய விட போலீஸ் அங்க எதுக்கு வந்துச்சுங்கறதுதான் பெரிய கேள்வியா இருந்தது.

1927 நவம்பர்ல நடந்தது அப்படி இல்ல. ஏதென்ஸுக்கு மேற்கால மாந்த்ராங்கற ஊரு, பழைய கணக்குப்படி அதிதூதர்கள் திருநாள். விடிய விடிய ஜெபம், முடிஞ்சு வெளிய வர்றப்ப சாமியாரக் கைது பண்ண போலீஸ் ரெடி. பொம்பளைங்க அவரச் சுத்தி வளையம் மாதிரி நின்னுக்கிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் பார்த்திருக்காங்க. துப்பாக்கிக் கட்டையால சாமியார அடிக்க ஓங்குனத காதெரினா ரூத்திங்கற பொண்ணு குறுக்க போயி தன் தலைல வாங்கிக்கிட்டா. ரெண்டு சின்னப் பிள்ளைங்களுக்குத் தாய். ஒரு வாரம் கழிச்சு செத்துப்போயிட்டா. இவங்க அவள வேதசாட்சியா கொண்டாடுறாங்க.

இதுல எனக்கு ஜீரணமாகாத விஷயம் ஒண்ணு. பழைய காலண்டர் கிரீஸ்ல குத்தமே கிடையாது! ஆதோஸ் மலைல இருக்கற மடங்கள்ல இன்னிக்கும் அதே காலண்டர்தான், எருசலேம்ல அதே, செர்பியால அதே, ரஷ்யால அதே. அவங்களத் தொட மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு அங்கீகாரம் இருக்கு. அப்ப அடி விழுந்தது தேதிக்கு இல்ல, யாரக் கேட்டு நீ தனியா பூசை வெக்கிறேங்கறதுக்கு. அங்க கோயிலும் அரசாங்கமும் ஒரே குடும்பம் மாதிரி, சாமியார் சம்பளம் கூட அரசாங்கம்தான் தருது. பட்டம் பறிக்கப்பட்ட சாமியார் அங்கி போட்டுத் திரிஞ்சா, போலீஸ் இல்லாதவன் போலீஸ் யூனிஃபார்ம் போட்ட மாதிரி கேஸு. சிவில் கல்யாணமே 1982லதான் வந்துச்சு, அதுக்கு முந்தி கோயில் கல்யாணம் மட்டும்தான், அப்ப இவங்க சாமியார் செஞ்சு வெச்ச கல்யாணம் செல்லுமா, பிறக்குற பிள்ளை என்ன கணக்குங்கற தொல்லை வேற.

1935ல மூணு பிஷப்புங்க தைரியமா இந்தப் பக்கம் வந்தாங்க. வந்து ரெண்டே வருஷத்துல உள்ளயே சண்டை, புது காலண்டர்காரங்க குடுக்கற ஞானஸ்நானத்துல அருள் இருக்கா இல்லையான்னு. 1937ல ரெண்டா உடைஞ்சாச்சு. வெளிய போலீஸ் துரத்துறப்ப உள்ள இது தேவையான்னு பெரியவர்கிட்ட கேட்டேன், அவர் ஸ்டியரிங்ல இருந்து ரெண்டு கையையும் எடுத்து விரிச்சாரு, நான் பயந்துட்டேன்.

ரொம்ப மோசம் 1951. ஆர்ச்பிஷப் ஸ்பிரிடோன் காலம், ஜனவரில மந்திரிசபை உத்தரவே வந்துடுச்சு. கோயில்களுக்கு சீல், சாமியாருங்களப் பிடிச்சு அங்கியக் கழட்டி, தாடிய மழிச்சு, கோட்டு மாட்டி அனுப்பினாங்க. ஆர்த்தடாக்ஸ் சாமியாருக்கு தாடின்னா சும்மா இல்ல, பட்டம் வாங்குனப்புறம் கத்தரி படாது. ஃப்ளோரினா கிறிசோஸ்டமோஸ்னு பழைய காலண்டர்காரங்க தலைவர் (முந்தி சொன்ன ஆர்ச்பிஷப் வேற ஆளு), அப்ப எண்பது வயசு, அவர லெஸ்போஸ் தீவுல ஒரு மலை உச்சி மடத்துக்கு நாடு கடத்தி ஒண்ணரை வருஷம் வெச்சிருந்தாங்க. 1955ல அவர் இறந்தப்புறம் அந்தப் பிரிவுல பிஷப்பே இல்ல, புதுசா ஒருத்தருக்கு அபிஷேகம் பண்ண ஆள் தேடி அமெரிக்காவுல டெட்ராய்ட் வரைக்கும் போயி 1960ல ரகசியமா வாங்கிட்டு வந்திருக்காங்க!

பெரியவருக்கு 51ல ஆறு வயசாம். அவங்க ஊர்ச் சாமியாரப் பிடிச்சுட்டுப் போயி நாலு நாள் கழிச்சு விட்டாங்களாம், யாரோ கோட்டு போட்ட ஆள் வாசல்ல நிக்கிறாருன்னு இவர் கதவத் தொறந்திருக்காரு. தாடை வெள்ளையா, மேல வெயில் பட்ட எடம் மட்டும் கறுப்பா, ரெண்டு கலர்ல ஒரு மூஞ்சி. குரலக் கேட்டப்புறம்தான் யாருன்னு தெரிஞ்சு, பயத்துல அம்மா பாவாடைக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்டாராம். அம்மா அந்தக் கோட்டுக்காரர் கையப் பிடிச்சு முத்தம் குடுத்தாங்களாம், எப்பவும் அங்கில இருந்தப்ப குடுக்கற மாதிரியே. தாடி வளர்ற வரைக்கும் அவர் பகல்ல வெளிய வரலயாம், பூசையெல்லாம் இவங்க வீட்டு ஆட்டுக்கொட்டாய்லயாம். ஆட்டு வாசத்தோட சாம்பிராணி வாசமும் சேர்ந்து வந்தா இன்னும் கிறிஸ்மஸ் ஞாபகம்தான் வரும்னாரு.

இப்ப அவ்வளவு தொந்தரவு இல்ல, பிரேயஸ்ல பப்ளிக்கா சிலுவை வீசுறாங்கன்னாலே தெரியுதே.

நான் ஒவ்வொரு டிசம்பர் 25க்கும் அவருக்கு ஹேப்பி கிறிஸ்மஸ் அனுப்புவேன், பழக்கதோஷம். போன வருஷம் உடனே பதில் வந்துச்சு: "எங்களுக்கு இன்னிக்கு 12ஆம் தேதிதான் தம்பி, புனித ஸ்பிரிடோன் திருநாள். கிறிஸ்மஸுக்கு இன்னும் நோன்பு இருக்கேன், கேக் போட்டோ அனுப்பாத."