ஆர்ம்ஸ் சீட்டில் இருந்தபோது

துப்பாக்கி லைசென்ஸ் ஃபைல் பார்க்கும் மேசைக்குக் கலெக்டர் ஆபீஸில் 'ஆர்ம்ஸ் சீட்' என்று பெயர். மதுரை நகருக்குள் போலீஸ் கமிஷனரே உரிமம் தந்துவிடுவார். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கத்து மனுக்கள் எங்களிடம் வரும்.

காரணம் எழுதும் இடத்தில் முக்கால்வாசிப் பேர் 'உயிர், உடைமைப் பாதுகாப்பு' என்றே எழுதியிருப்பார்கள். "யாரால ஆபத்து?" என்று கேட்டால் நெளிவார்கள். பேச்சுக் கொடுத்தால் வாய்க்கால் தகராறு, பாதைத் தகராறு, பங்காளிச் சண்டை என்று வரும். சிலருக்கு அதுவும் கிடையாது. 'அவர் வீட்ல துப்பாக்கி இருக்கு' என்று ஊரில் நாலு பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியிடம் மக்காச்சோளத்தைப் பறிகொடுத்தவர்கள் கேட்டதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. நிஜமாகவே உயிருக்குப் பயந்து கிடப்பவர்கள் என் மேசைப் பக்கம் வந்ததே இல்லை.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பேங்க் காவலாளி போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. கணக்குப் பார்க்கப் போன ஒரு ஸ்டேஷனில் ஒரு பெரியவர் பழைய வேட்டியில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பிரித்து வைத்தார். எண்ணெய் வாடை. கட்டையில் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. "ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்போம் தம்பி, வேற எதுக்கும் எடுத்ததில்ல" என்றார்.

துப்பாக்கிகள் ஸ்டேஷனில் கிடந்த அந்த வாரங்களில், அவை வீட்டில் இல்லாததால் ஊர் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பக்கத்து வெட்டுக்குத்தில் பேர் வாங்கியது அரிவாள். விவசாயக் கருவிகளை 1959 ஆயுதச் சட்டம் ஆயுதமாகவே எண்ணுவதில்லை. நான் எத்தனை ஃபைலை நிறுத்தி வைத்தாலும் அரிவாள் பாட்டுக்குத் திண்ணையில் கிடக்கும்.

அப்போ ஆயுதமே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல வரவில்லை. இரண்டு தரப்பும் ஒரே அளவு மதிக்கிற, ஒரே அளவு பயப்படுகிற ஒரு இடம் வேண்டும். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சிலை கிடையாது, சந்தனம் பூசிய கதவுதான். அங்கே சத்தியம் செய்ய வரச் சொன்னதுமே பின்வாங்கி ராஜியாகப் போனவர்களை எனக்குத் தெரியும். ஸ்டேஷன் மீதும் அந்த நம்பிக்கை இருந்தால் என் மேசைக்குப் பாதி வேலை குறைந்திருக்கும். ஆனால் அரசு கையில் ஆயுதம் இருந்தாலே அமைதி வந்துவிடும் என்று உசிலம்பட்டிப் பக்கம் போய்ச் சொல்லிவிட முடியாது. ரேகைச் சட்டம் என்று ஊரில் சொல்லும் வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டது அரசாங்கத் துப்பாக்கி.

ஒருமுறை, தகப்பனார் இறந்த பிறகு அவர் துப்பாக்கியைக் கேட்டு அண்ணனும் தம்பியும் தனித்தனியாக மனுப் போட்டார்கள். இருவருமே தங்கள் உயிருக்கு ஆபத்து மற்றவரால்தான் என்று எழுதியிருந்தார்கள். அதிகாரி இரண்டையும் நிராகரித்தார். கடைசியில் துப்பாக்கி டீலரிடம் விலைக்குப் போனது. கொஞ்ச நாளில் தம்பி மறுபடி வந்து நின்றார்: விற்ற பணத்தை அண்ணன் பங்கு வைக்கவில்லையாம், அதற்கு எந்த மேசையில் மனுக் கொடுப்பது என்று கேட்டார்.